ஆயுள் கைதி சீக்காளியானால்: 14 வருடக் கணக்கும் 30 நாள் லீவும்

கேள்வி: பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி, 09.02.2025

என் அண்ணன் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று 15 வருடமாக உள்ளே இருக்கிறார். ஈரல் கெட்டுவிட்டது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது, மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் எடுக்கிறார்கள். 14 வருடம் முடிந்தால் தானாகவே விட்டுவிடுவார்கள் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அதற்கு மேலேயே ஆகிவிட்டது. ஏன் விடவில்லை? ஒரு சீக்காளியை வைத்துக்கொண்டு அரசாங்கத்துக்கு என்ன லாபம்?

09.02.2025, இரவு 9.40

முதலில் அந்த 14 வருடக் கதையை ஓரங்கட்டிவிடலாம். டெல்டாவில் டீக்கடைக்கு டீக்கடை ஒரு சட்டம் உண்டு. ஆயுள் என்றால் 14 வருடம், உள்ளே பகலும் இரவும் தனித்தனி நாளாகக் கணக்கு, ஆகவே 7 வருடத்தில் ஆள் வெளியே. சின்ன வயதில் நானும் நம்பியிருக்கிறேன். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆயுள் தண்டனை என்றால் சாகும்வரை. 1961இல் கோபால் விநாயக் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. காந்தி கொலை வழக்கில் ஆயுள் பெற்ற அவர், தண்டனைக் கழிவுகளையும் சேர்த்தால் 20 வருடம் ஆகிவிட்டது, விடுங்கள் என்று கேட்டார். ஆயுளை 20 வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்வது, தண்டனையில் பாதி, கால் என்று பின்னக் கணக்குப் போடுவதற்கு மட்டும்தான் என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

அப்புறம் 14 எங்கிருந்து வந்தது? 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்காக ஆயுள் பெற்றவர் 14 வருடம் முழுசாக உள்ளே இருந்து முடிக்கும்வரை அரசாங்கம் அவரை விடக்கூடாது என்றது அது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தில் அது 475ஆம் பிரிவு. உங்கள் அண்ணன் கேட்கிற தகுதிக்கு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஒன்று பாருங்கள். இதற்கு முன் பரோலில் வந்த நாட்களைக் கழித்தீர்களா? அந்த நாட்கள் 14இல் சேராது என்று 2023 ஜனவரியில் கோவா கைதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

லாபம் என்ன என்று கேட்டீர்கள். ஒன்றும் இல்லை. எழுந்து நிற்க முடியாத ஆளுக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஷிஃப்ட் போட்டுத் துப்பாக்கியோடு போலீஸ் உட்கார்ந்திருப்பதில் யாருக்கு லாபம்?

09.02.2025, இரவு 11.15

ஒன்று விட்டுப்போனது. பரோல் என்று பேச்சுக்குச் சொல்கிறோம். தமிழ்நாட்டு விதியில் அதற்கு 'விடுப்பு' என்று பெயர், உள்ளே இருப்பவர்கள் 'லீவு' என்பார்கள். 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். அதில் அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்று இரண்டு.

அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை, கூடப் பிறந்தவர் யாராவது இறந்தாலோ, சாகக் கிடந்தாலோ, அவர்களுக்குக் கல்யாணம் என்றாலோ அவசர விடுப்பு. சாதாரண விடுப்பு எதற்கெல்லாம் என்றால், குடும்பத்தின் பிழைப்புக்கு வழி செய்ய, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, வீடு கட்ட, பழுதுபார்க்க, கல்யாணம் நடத்த, பாகப்பிரிவினை பேச, விதைக்க, அறுக்க. ஆமாம், அறுவடைக்கு லீவு உண்டு! எழுதியவர் நம்ம பக்கத்து ஆளாக இருக்க வேண்டும்.

அம்மா சாகக் கிடந்தால் வரலாம். கதிர் முற்றினால் வரலாம். கைதியே சாகக் கிடந்தால் என்று அதில் ஒரு வரி கிடையாது.

10.02.2025, காலை

"வக்கீலா நீங்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே ஒரு ஊர், 3 ஏக்கர் நிலம், மற்ற நேரத்தில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். என் பெரியப்பா கைதி. அதனால் தெரியும்.

2010 சம்பாவில் முறைத் தண்ணீர்த் தகராறு. ராத்திரி மடையை அடைத்தது யார் என்று பேச்சு முற்றி, பெரியப்பா மண்வெட்டியால் அடித்துவிட்டார். அடிபட்டவர் மூன்றாம் நாள் இறந்தார். 2012இல் ஆயுள், மேல்முறையீட்டிலும் மாறவில்லை. இறந்தவரின் வீடு எங்களுக்கு அடுத்த தெரு.

2022இல் பெரியப்பாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் புண். வெளியே இருந்த காலமெல்லாம் வெற்றிலையும் புகையிலையும் போட்ட வாய். சோதித்தபோது புற்று, கழுத்துக் கட்டிவரை போயிருந்தது. 14 வருடம் ஆகவில்லை, 433ஏ குறுக்கே நின்றது. புற்றுநோய்க்கு என்று அந்தப் பிரிவில் விதிவிலக்கு இல்லை. மிச்சம் இருந்தது அரசியல் சாசனத்தின் 161ஆவது பிரிவு, அதாவது ஆளுநருக்கு மனு. அந்த வழியை 433ஏ அடைக்காது என்று 1980இலேயே மாரு ராம் வழக்கில் சொல்லியாகிவிட்டது. பெரியம்மா கைநாட்டு வைத்து மனுப் போட்டார்.

மருத்துவக் குழுவின் சான்று, நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்து விசாரித்து எழுதும் அறிக்கை, காவல் நிலைய அறிக்கை, சிறைத்துறைத் தலைமை, உள்துறை, சட்டத்துறை, அமைச்சர், ஆளுநர். ஒவ்வொரு மேசையிலும் யாராவது ஒரு சந்தேகம் எழுதுவார்கள், கோப்பு கீழே இறங்கும், மறுபடி ஏறும். புற்றுக்குச் சந்தேகம் எல்லாம் கிடையாது, அது பாட்டுக்கு வளர்ந்தது.

2023 தை மாதம் 30 நாள் சாதாரண விடுப்பில் வந்தார். முடிந்ததும் திரும்பிப் போனார். பங்குனியில் ஆஸ்பத்திரிக் கைதிகள் வார்டில் இறந்தார்.

10.02.2025, மதியம்

"நல்லெண்ண அடிப்படையில் ஆயிரக்கணக்கில் விடுகிறார்களே, அதில் வரவில்லையா?" என்று கேட்டவருக்கு.

2008இல் அண்ணா நூற்றாண்டுக்கு 1,405 ஆயுள் கைதிகளை விட்டார்கள், 7 வருடம் முடித்தவர்களை. அப்போது பெரியப்பா எந்தத் தப்பும் செய்யாமல் வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். 2018இல் எம்ஜிஆர் நூற்றாண்டு, அதற்கு 25.02.2018 அன்று 10 வருடம் முடிந்திருக்க வேண்டும். இவருக்கு ஆறுகூட நிறையவில்லை. 2021இல் அண்ணா பிறந்தநாளுக்கு 700 பேர் என்று அறிவித்தார்கள், அதிலும் பெயர் இல்லை. எந்தத் தலைவரின் பிறந்தநாளும் பெரியப்பாவின் ஜாதகத்தோடு ஒத்துவரவில்லை.

சகோதரி, உங்கள் அண்ணன் பெயர் 2021 பட்டியலில் ஏன் வரவில்லை என்று சிறையில் எழுத்தில் கேளுங்கள். சில வகைக் குற்றங்களை விலக்கி வைத்திருந்தார்கள். அதில் மாட்டியிருந்தால், அடுத்த மனுவிலும் அதே கல்லில் இடித்துக்கொள்ள வேண்டாம்.

12.02.2025

'கடைமடை' என்ற பெயரில் எழுதுபவருக்குக் கோபம். "கொன்றவன் சீக்காளியானால் பாவம், செத்தவன் வீட்டில் யாருக்கும் சீக்கு வராதா?" என்கிறார். மேலவளவையும் தருமபுரியையும் கேட்கிறார். 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட ஆறு பேரையும் வெட்டிக் கொன்ற வழக்கில் 13 பேரை 2019 நவம்பரில் விட்டார்கள். 2000இல் தருமபுரியில் பேருந்தோடு மூன்று மாணவிகளை எரித்தவர்களை 2018 நவம்பரில் விட்டார்கள். இரண்டும் எம்ஜிஆர் நூற்றாண்டுக் கணக்கில்.

அவர் கேட்பது நியாயம். அந்த விடுதலைகளில் யாருடைய காய்ச்சலையும் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பிறந்தநாள் விடுதலையில் நல்ல உடம்பும் உண்டு, அரசியல் செல்வாக்கும் உண்டு. படுத்த படுக்கையாகக் கிடப்பவனுக்குச் சிபாரிசு பிடிக்க ஆள் ஏது?

செத்தவர் வீடு பற்றி நான் எதிர்த்துப் பேசப் போவதில்லை. நன்னடத்தை அலுவலர் வந்தபோது அடுத்த தெரு அம்மா "அவர் ஊருக்கு வரக்கூடாது" என்று சொன்னார். எங்களுக்கு அன்றைக்கு ஆத்திரம். அப்பா ஒரு வாரம் அந்தத் தெரு வழியாகவே போகவில்லை, கொல்லை வழியாக ரேஷன் கடைக்குப் போனார். இப்போது யோசித்தால், அந்த அம்மா வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? 32 வயதில் தாலி அறுத்தவர். அவரிடம் போய் "மன்னிக்கிறீர்களா இல்லையா, ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்கிற மாதிரி ஒரு படிவத்தை நீட்டுவதே கொடுமை. கருத்தைக் கேட்கலாம், பாதுகாப்புக் கேட்டால் கொடுக்கலாம். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

13.02.2025

விரகாலூர் ஸ்டேன் சாமி பற்றி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பீமா கோரேகான் வழக்கில் உள்ளே இருந்த பாதிரியார். திருச்சி மாவட்டத்தில் பிறந்தவர், நம்ம ஆற்றுக்காரர்தான். 84 வயது, நடுக்குவாதம். டம்ளரைப் பிடிக்கக் கை நிற்காது, உறிஞ்சு குழாய் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. 05.07.2021 அன்று ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்றுதான் ஆஸ்பத்திரி டாக்டரால் சொல்ல முடிந்தது.

ஆனால் கலக்க வேண்டாம். அவர் விசாரணைக் கைதி, தண்டனை பெற்றவர் அல்ல. விசாரணைக் கைதிக்குச் சீக்கு என்றால் ஜாமீன் தரலாம் என்று பழைய சட்டத்தின் 437ஆம் பிரிவிலேயே ஒரு வரி உண்டு. உபா என்கிற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 43டி பிரிவு அந்த வரியை அமுக்கிவிட்டது. தண்டனைக் கைதிக்கு அந்த வரியும் இல்லை.

13.02.2025, சற்று நேரம் கழித்து

இல்லை, 'கலக்க வேண்டாம்' என்று கொஞ்சம் திமிராக எழுதிவிட்டேன். சட்டம் வேறு, படுக்கை ஒன்றுதான்.

15.02.2025

சாந்தன் ஞாபகம் வந்தது. ராஜீவ் கொலை வழக்கில் 31 வருடம் கழித்து 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. விடுதலையானவர் இலங்கைக்காரர் என்பதால் போன இடம் திருச்சி சிறப்பு முகாம். மத்திய சிறை வளாகத்திலேயே இருக்கும் முகாம், இதற்குப் பெயர் விடுதலை. அங்கே ஈரல் போனது. யாழ்ப்பாணத்தில் வயதான அம்மா காத்திருந்தார். ஊருக்கு அனுப்ப அனுமதி வந்து, புறப்படும் நேரத்தில் 28.02.2024 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்துபோனார். அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது உடம்பு மட்டும்தான்.

சகோதரி, ஈரல் என்றதும் இதைச் சொல்லிப் பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். காகிதம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

16.02.2025

திருத்தம். 09ஆம் தேதி இரவு 'ஒரு வரி கிடையாது' என்று எழுதியதை ஒரு வழக்கறிஞர் பிடித்துக்கொண்டார். சாதாரண விடுப்புப் பட்டியலின் கடைசியில் 'அசாதாரணக் காரணங்கள்' என்று ஒன்று உண்டு, சிகிச்சைக்கு அதில்தான் கேட்க வேண்டும், நீதிமன்றமும் கொடுக்கிறது என்கிறார். சரி, ஒப்புக்கொள்கிறேன். சாவு வருவதை 'இதர' வகையில் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் வக்கீல் அந்த வரியை நம்பவில்லை. சீக்கு என்று எழுதினால் 'சிறை ஆஸ்பத்திரியிலேயே வைத்தியம் பார்க்கிறோமே' என்று தள்ளிவிடுவார்கள், வீடு பழுது என்று எழுது என்றார். கஜா புயல் 2018 நவம்பரில் எங்கள் ஓட்டு வீட்டின் பாதியைக் கொண்டுபோயிருந்தது, நாலு வருடமாகத் தார்ப்பாய்தான். ஆகவே கழுத்தில் கட்டியோடு சாகக் கிடந்த மனிதர், காகிதத்தில், ஓடு மாற்ற வந்தார். பொய் சொன்ன பாவம் வேண்டாம் என்று அந்த மாதமே கொத்தனாரைக் கூப்பிட்டு ஓடு மாற்றியும்விட்டோம். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து, எது சரியாகப் படியவில்லை என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். கொத்தனாருக்கு அது பெரிய தொந்தரவு.

லீவு மனுவை எந்த நீதிமன்றத்தில் போடுவது என்பதிலேயே இரண்டு மாதம் போனது. ஊர் திருவாரூர் மாவட்டம், ஆகவே சென்னை என்றார் ஒரு வக்கீல். சிறை இருக்கும் இடம் மதுரைக் கிளையின் எல்லை, ஆகவே மதுரை என்றார் இன்னொருவர். தஞ்சாவூர் மாவட்டக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. உங்களுக்கு மதுரைக் கிளைதான்.

17.02.2025

லீவில் வந்தால் தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது உத்தரவு. என் டிவிஎஸ் எக்ஸெல்லில் பின்னால் உட்காரவைத்து, விழாமல் இருக்கத் துண்டால் என் இடுப்போடு கட்டிக்கொண்டு போவேன். நாலாம் நாள் ஏட்டு பார்த்துவிட்டு வெளியே வந்து, நோட்டை வண்டிக்கே கொண்டுவந்தார். நல்ல மனிதர்.

அந்த வழியில்தான் அடுத்த தெரு. ஒருநாள் அந்த அம்மா வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். துண்டையும் பார்த்திருப்பார். உள்ளே போய்விட்டார். என்ன நினைத்தார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன்.

20.02.2025

நல்ல செய்தி ஒன்று. முந்தாநாள், 18ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது: முன்விடுதலைக்கு ஒரு கொள்கை வைத்திருக்கும் மாநிலம், தகுதி வந்த கைதி மனுப் போடாவிட்டாலும் தானாகவே அவர் பெயரைப் பரிசீலிக்க வேண்டும். மனு எழுதத் தெரியாதவன், யாரும் பார்க்க வராதவன், இவனெல்லாம் இத்தனை நாள் கணக்கிலேயே இல்லை.

பரிசீலிக்க வேண்டும் என்றால் விட்டாக வேண்டும் என்று அர்த்தம் இல்லை. டீக்கடையில் இன்னொரு சட்டம் உருவாகிவிடப் போகிறது என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

இன்னொன்று, தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 10.12.2024 அன்று வயதான, தீராத நோயுள்ள கைதிகளுக்கென்றே ஒரு இயக்கம் தொடங்கியது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் போய் அண்ணன் பெயரைச் சொல்லுங்கள். வக்கீல் இலவசம். நாங்கள் பட்ட கடனை நீங்கள் பட வேண்டாம்.

22.02.2025

ஆளுநர் பக்கம் போனால் எவ்வளவு நாள் என்று கேட்டால் என்ன சொல்வது? பேரறிவாளன் விஷயத்தில் அமைச்சரவை 09.09.2018 அன்று முடிவெடுத்து அனுப்பியது. 2021 ஜனவரிவரை ஆளுநர் அலுவலகத்தில் இருந்து, பிறகு குடியரசுத் தலைவருக்குப் போனது. 18.05.2022 அன்று உச்ச நீதிமன்றம் தானே விடுவித்தது, அமைச்சரவை சொன்னால் ஆளுநர் கேட்க வேண்டும் என்றும் எழுதியது. அதற்குப் பிறகும், நீதிபதி ஆதிநாதன் குழு பரிந்துரைத்தவர்களில் 49 பேரின் கோப்பை 2023 ஆகஸ்டில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதாக அந்த அக்டோபரில் முதல்வர் சட்டமன்றத்தில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் குழுவை 2021 டிசம்பரில் போட்டதே நீண்ட நாள் உள்ளே இருப்பவர்களில் வயதானவர், நோயாளி எல்லோரையும் பார்க்கத்தான்.

அதனால் என் கட்சி இதுதான். சாகப் போகிறவருக்கு விடுதலை மனு ஒரு பக்கம் போகட்டும். கையில் பிடிக்க வேண்டியது லீவு. விடுதலை கொடுக்கப் பத்து பேர் கையெழுத்து, லீவுக்கு அவ்வளவு வேண்டாம்.

23.02.2025

"செத்துவிடுவான் என்று விட்டால் பிழைத்துக்கொள்வான், அப்போது?" கடைமடை மறுபடி. இவர் இல்லாவிட்டால் இந்த இழைக்கு உப்பு இல்லை.

நடந்திருக்கிறது. விமானக் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டனை பெற்ற லிபியாக்காரர் மெக்ராஹியை, மூன்று மாதம்தான் தாங்குவார் என்று 2009 ஆகஸ்டில் ஸ்காட்லாந்து விட்டது. 2012 மே வரை இருந்தார். அங்கே பெரிய கூச்சல். டாக்டர் நாள் குறித்தால் எமன் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று ஏதும் சட்டம் உண்டா? பிழைத்தால் லீவை நிறுத்தித் திரும்ப அழைத்துக்கொள்ளலாம், லீவில் அந்த வசதி இருக்கிறது.

அமெரிக்காவில் 2018வரை கருணை விடுதலைக்குச் சிறைத்துறைதான் நீதிமன்றம் போக முடியும். அந்த வருடம் சட்டத்தை மாற்றி, கைதி விண்ணப்பித்து 30 நாள் ஆகிவிட்டால் அவரே நேரே நீதிபதியிடம் போகலாம் என்று வைத்தார்கள். மற்றதில் அவர்களைப் பின்பற்ற ஒன்றுமில்லை, அந்த 30 நாளை மட்டும் கடன் வாங்கலாம்.

24.02.2025

கட்டிலோடு விலங்கு போடலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. அசாமில் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு விலங்கு மாட்டப்பட்டுக் கிடந்த கைதிகளைப் பார்த்து பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் எழுதிய கடிதத்தின் மேல் 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போடக்கூடாது என்று. பார்த்தால் சண்டை போடாதீர்கள், தேதியும் நேரமும் குறித்துக்கொண்டு வக்கீலிடம் சொல்லுங்கள்.

02.03.2025, இரவு 1.20

10ஆம் தேதிக் குறிப்பில் '30 நாள் முடிந்ததும் திரும்பிப் போனார்' என்று ஒரு வரியில் தாண்டிவிட்டேன். அவராகப் போகவில்லை. நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

20ஆம் நாள் வாக்கில் வக்கீல் போன் செய்தார். நீட்டிப்புக் கேட்கலாம், நளினிக்கு 2019இல் மகள் கல்யாணத்துக்குக் கொடுத்த 30 நாளை 51 நாள்வரை நீட்டினார்கள், டாக்டரிடம் ஒரு சான்று மட்டும் வாங்கி அனுப்பு என்றார். அது 2023 பிப்ரவரி முதல் வாரம். டெல்டாக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், அறுக்க வேண்டிய கதிர் மேல் பருவம் தப்பிய மழை. எங்கள் மூன்று ஏக்கரும் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. மிஷின் இறங்காது, ஆள் கிடைக்காது. அறுத்ததை ரோட்டில் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தேன். நாளைக்குப் போகிறேன் என்றேன். மறுநாளும் நாளைக்கு என்றேன்.

பிறகு நாள் போதவில்லை. நேரத்துக்குத் திரும்பாவிட்டால் ஆளுநர் மனுவில் அதை ஒரு குற்றமாக எழுதுவார்கள் என்று பயம். அப்பா ஜாமீன்தாரர், அவர் மேல் வரும் என்று இன்னொரு பயம். 30ஆம் நாள் காலையில் நான் எழுந்தபோது பெரியப்பா சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, புது ஓட்டுக்குக் கீழே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா உள்ளேயே இருந்தார், வெளியே வரவில்லை.

கார் வைத்துப் போனோம். வழி நெடுக ரோட்டில் நெல் காய்ந்தது. ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கி வெளியே கை நீட்டினார். நான் போய் ஒரு பிடி அள்ளி வந்து கொடுத்தேன். வாய் குழறும், எனக்கு மட்டும் புரியும். "பொன்மணியா?" என்றார். ஆமாம் என்றேன். கையிலேயே வைத்திருந்தார். சிறை வாசலில் சோதனைக்கு முன் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

2016இல் அப்பாயி இறந்தபோது அவசர விடுப்பில் வழிக்காவலோடு வந்தார். மூன்று மணி நேரம். கொள்ளி வைத்துவிட்டு ஈர வேட்டியோடு வேனில் ஏறினார். அவருக்குக் கொள்ளி வைக்க எங்களுக்கு அவ்வளவு சுலபமாக அவர் கிடைக்கவில்லை. காவலில் நடந்த சாவு, நோயில் போனாலும் மாஜிஸ்திரேட் விசாரணை, பிரேதப் பரிசோதனை, மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல். எல்லாம் நல்லதற்காக வைத்த விதிகள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மறுநாள் சாயந்திரம்தான் வந்தார்.

சிறையைத் திட்டியே இத்தனை குறிப்பு எழுதினேன். ஒரு சான்று வாங்கப் போகாதது நான்.

03.03.2025

ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடைமடை மட்டும் ஆறுதல் சொல்லவில்லை, "நெல் என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். பாதி தேறியது.

19.03.2025

பாபநாசம் சகோதரி எழுதியிருக்கிறார். மதுரைக் கிளையில் 28 நாள் கிடைத்து, அண்ணன் நேற்று ராத்திரி வீட்டுக்கு வந்துவிட்டார். வயிறு வீங்கியிருக்கிறது, ஆனால் ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டாராம். முன்விடுதலை மனுவும் சட்டப்பணிகள் வக்கீல் மூலம் போயிருக்கிறது. இனி என்ன செய்ய என்று கேட்கிறார்.

நீர் எடுக்கிற ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். கையெழுத்துப் போடப் போகும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். நீட்டிப்பு மனுவுக்கு 20ஆம் நாள்வரை காத்திருக்காதீர்கள், டாக்டர் சான்று இந்த வாரமே கைக்கு வர வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கூட அலைய ஆண்பிள்ளை யாரும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். உளுந்து பிடுங்குகிற நேரம்தான், அது கிடக்கட்டும்.